ஹார்ட் டிஸ்க் சுழலட்டுமா, ஓய்வெடுக்கட்டுமா? பழைய லினக்ஸ் மடிக்கணினிக்கு ஐந்து வழிகள்

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு வேலை தேடி வருகிற தம்பிகள், தாராவியில் டியூஷன் எடுக்கிற அக்காக்கள், அலுவலகம் கழித்துவிட்ட கணினியைப் பிள்ளைகளுக்காக வாங்கி வந்த அப்பாக்கள் என்று பலரும் வருவார்கள். அவர்கள் கொண்டு வருகிற பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது.

நிறுவிக் கொடுத்த சில வாரங்களில் அதே கேள்வியோடு திரும்பி வருவார்கள். "அண்ணா, உள்ளே 'டிக்' 'டிக்' என்று சத்தம் வருகிறது. பேட்டரியும் நிற்பதில்லை. ஒருவர் டிஎல்பி போடச் சொல்கிறார். இன்னொருவர் ஹெச்டிபார்ம் போதும் என்கிறார். எஸ்எஸ்டி மாற்றிவிடு என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?"

டிஎல்பி (TLP), ஹெச்டிபார்ம் (hdparm) இரண்டும் லினக்ஸில் டிஸ்க்கின் மின்சேமிப்பை அமைக்க உதவும் கருவிகள். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் அது மூன்று வேறு ஆட்களுக்கான பதில். உங்கள் கணினி எங்கே, எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

## எதை வைத்து எடை போடுவது?

மின்சக்தி அமைப்பு என்றதும் எல்லோருக்கும் பேட்டரிதான் நினைவுக்கு வருகிறது. கணக்கு பிசகுவதும் அங்கேதான். 2.5 அங்குல டிஸ்க் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்போது ஏறக்குறைய 1 வாட்டுக்குள் எடுத்துக்கொள்கிறது. சுழற்சியை அடியோடு நிறுத்தினால் 0.1 அல்லது 0.2 வாட். மிச்சமாவது முக்கால் வாட். 40 வாட்மணி பேட்டரியில் 12 வாட் இழுக்கும் கணினி 3 மணி 20 நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். டிஸ்க்கை அந்த நேரம் முழுவதும் நிறுத்தியே வைத்திருந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது 13 நிமிடம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. திரை வெளிச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலும் இதைவிட அதிகம் கிடைத்துவிடும்.

ஆகவே என் வரிசையில் பேட்டரி கடைசி. முதலிடம் தரவின் பாதுகாப்புக்கு. அடுத்தது டிஸ்க்கின் ஆயுள். மூன்றாவது, கோப்பைத் திறக்கும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: செய்த மாற்றம் நிலைத்து நிற்கிறதா, கணினியைத் தூங்கவைத்து எழுப்பியதும் மறைந்துவிடுகிறதா?

ஆயுளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் தரவைப் படித்து எழுதும் தலை, சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழையைவிடப் பலமடங்கு குறைந்த உயரத்தில் மிதக்கிறது. வேலை இல்லாதபோது தலையை ஓரத்தில் இருக்கும் சரிவுமேடையில் ஏற்றி வைப்பது ஒரு வகை ஓய்வு. நீங்கள் கேட்கும் 'டிக்' பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். தட்டின் சுழற்சியையே நிறுத்துவது இன்னொரு வகை. இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் வரம்பு சொல்லியிருக்கிறார்கள். தலையை ஏற்றி இறக்குவதற்குப் பல மடிக்கணினி டிஸ்க்குகளில் 6,00,000 முறை, சிலவற்றில் 3,00,000 முறை. சுழற்சியை நிறுத்தித் தொடங்குவதற்கோ வழக்கமாக 50,000 முறைதான். வரம்பைத் தாண்டிய மறுநாளே டிஸ்க் இறந்துவிடாது. ஆனால் அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு நாளும் பொறுப்பு நம்முடையது.

லினக்ஸில் இந்தத் தேய்மானம் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், எழுதப்படாத தரவை 5 விநாடிக்கு ஒருமுறை பார்வையிடுகிறது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையும் தன் பதிவேட்டை 5 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் சேர்க்கிறது. ஃபயர்பாக்ஸ், திறந்திருக்கும் தாவல்களின் நிலையை 15 விநாடிக்கு ஒருமுறை எழுதுகிறது. டிஸ்க் சில விநாடி சும்மா இருந்து தலையை ஓரங்கட்டும். உடனே ஏதோ ஒன்று எழுத வரும். தலை மறுபடி இறங்கும். 2007-இல் உபுண்டு மடிக்கணினி டிஸ்க்குகளைத் தேய்த்துவிடுகிறது என்று எழுந்த பெரிய சர்ச்சையின் உள்ளடக்கம் இதுதான். டிஸ்க்கோ, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸோ தானாக வைத்திருந்த கடுமையான சேமிப்பு அமைப்பும், அடிக்கடி எழுதும் இயங்குதளமும் சேர்ந்ததால் வந்த வினை அது.

தலை நிமிடத்துக்கு 2 முறை ஏறி இறங்கினால் மணிக்கு 120. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 960. 6,00,000 என்ற வரம்பு 625 நாளில் தீர்ந்துவிடும்.

## மாற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையால், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' பதிவுகளைப் பாருங்கள். முனையத்தை (டெர்மினல்) கண்டால் தயங்குகிறவர்கள் குனோம் டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தாலும் அதே பட்டியல் வரும். பார்க்க வேண்டியவை 193 (தலை ஏறி இறங்கிய எண்ணிக்கை), 4 (சுழற்சி தொடங்கி நின்ற எண்ணிக்கை), 9 (ஓடிய மணி நேரம்), 194 (வெப்பம்). இவற்றோடு 5 (பழுதானதால் மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (பழுதென்று சந்தேகிக்கப்படும் பகுதிகள்) ஆகிய இரண்டும்.

193-ஐக் குறித்துக்கொண்டு, வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். 15 வரை கூடியிருந்தால் கவலை இல்லை. நாளுக்கு 8 மணி நேரம் ஓடினாலும் ஆண்டுக்கு 43,800தான் ஆகும். 100-ஐத் தாண்டியிருந்தால் கீழே உள்ள வழிகளில் ஒன்று உங்களுக்குத் தேவை.

5 அல்லது 197 பூஜ்யத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். தட்டே பழுதாகத் தொடங்கிவிட்டது. எந்த அமைப்பும் அதைக் காப்பாற்றாது.

| வழி | தரவு | டிஸ்க் ஆயுள் | காத்திருப்பு | நிலைத்தன்மை |
|---|---|---|---|---|
| அப்படியே விடுதல் | பாதுகாப்பு | டிஸ்க்கைப் பொறுத்தது | இல்லை | கவலையே இல்லை |
| ஏபிஎம் (டிஸ்க்கின் மின்சேமிப்பு நிலை) எண்ணைக் கையால் மாற்றுதல் | பாதுகாப்பு | நன்று | இல்லை | அடிக்கடி சோதிக்க வேண்டும் |
| டிஎல்பி | பாதுகாப்பு | நன்று | மிகக் குறைவு | நன்று |
| சுழற்சியை நிறுத்தும் லேப்டாப் மோடு | ஆபத்து உண்டு | இரு பக்கமும் வெட்டும் | பல விநாடி | சுமார் |
| எஸ்எஸ்டி | நகல் இருந்தால் நன்று | தலையே இல்லை | மறைந்துவிடும் | நன்று |

## அப்படியே விடுதல்

193 மெதுவாக ஏறினால் இதுவே சிறந்த முடிவு. கைவைக்காத அமைப்பு கெடுவதில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் டிஸ்க்கை மாற்றப்போகிறவர்களுக்கும் இதுவே போதும். மறைமுகச் செலவு ஒன்றுதான்: எண்ணைப் பார்க்காமலே 'எல்லாம் சரியாக இருக்கும்' என்று விட்டால், தெரியவருகிற நாளில் காலம் கடந்திருக்கும்.

## ஏபிஎம் எண்ணைக் கையால் மாற்றுதல்

ஏபிஎம் என்பது டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் மின்சேமிப்பு நிலை. அதற்கு 1 முதல் 254 வரை எண் கொடுக்கலாம். 1 முதல் 127 வரை கொடுத்தால் சுழற்சியை நிறுத்த டிஸ்க்குக்கு அனுமதி உண்டு. 128 முதல் 254 வரை நிறுத்த அனுமதி இல்லை. தலையை மட்டும் ஓரங்கட்டலாம். எண் ஏற ஏறச் சேமிப்பு குறையும், வேகம் கூடும். 254 என்றால் பெரும்பாலான டிஸ்க்குகள் தலையைத் தொந்தரவு செய்வதே இல்லை. 255 அந்த வசதியையே அணைத்துவிடும். எல்லா டிஸ்க்கும் அதை ஏற்பதில்லை.

மாற்ற இரண்டு பாதைகள். குனோம் டிஸ்க்ஸ் செயலியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அதன் அமைப்புகளுக்குள் போனால் ஏபிஎம்முக்கு ஒரு நகர்த்தி இருக்கும். நகர்த்திவிட்டு மூடினால் அது அமைப்பைச் சேமித்துக்கொள்ளும். முனையப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஹெச்டிபார்ம். பெரிய எழுத்து பி-யோடு (-B) எண்ணைக் கொடுத்தால் ஏபிஎம் மாறும். டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் இடிசி (/etc) கோப்புறையிலுள்ள ஹெச்டிபார்ம் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அமலாகும்.

ஹெச்டிபார்மில் பெரிய எழுத்து எஸ் (-S) என்று ஒன்று உண்டு. சுழற்சியை நிறுத்தும் கெடு அது. பலரும் அதைப் பி-யோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் 1 முதல் 240 வரையுள்ள எண்களை 5 விநாடியால் பெருக்க வேண்டும். 241 முதல் 251 வரை அரை மணி நேரக் கணக்கு. 0 என்றால் கெடுவே இல்லை. நிமிடக் கணக்கு என்று நினைத்து 10 என்று எழுதி வைத்தவரின் டிஸ்க் 50 விநாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அவர் பாவம், பழுது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கக் கிளம்பியிருந்தார்.

இந்த வழியின் மறைமுகச் செலவு கவனம்தான். கணினியைத் தூங்கவைத்தால் டிஸ்க்குக்கு மின்சாரம் நிற்கிறது; எழுந்ததும் பல டிஸ்க்குகள் பிறவிக் குணத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஒருமுறை தூங்கவைத்து எழுப்பி, அதே பெரிய எழுத்து பி-யை எண் எதுவும் கொடுக்காமல் இயக்குங்கள். இப்போதைய மதிப்பு தெரியும். மாறியிருந்தால் அடுத்த வழிக்குப் போங்கள்.

எப்போதும் சார்ஜரில் செருகியபடி மேசையில் இருக்கும் கணினிக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. டியூஷன் வகுப்புக் கணினி, கடைக் கணக்குக் கணினி, வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கணினி எல்லாம் இந்த வகை. 254 வையுங்கள், மறந்துவிடலாம். வெப்பம் சற்றுக் கூடும். ஏப்ரல், மே மாதங்களில் காற்றோட்டமில்லாத அறையில் 194-ஐக் கவனியுங்கள். பல டிஸ்க்குகளின் இயக்க வரம்பு 60 டிகிரி. 55-ஐ நெருங்கினால் 254-ஐ 192 ஆக இறக்கிப் பார்க்கலாம். அதற்கு முன் மெத்தை மேல் வைக்காமல் கணினியை உயர்த்தி வையுங்கள். அதுவே பெரும்பாலும் போதும்.

## டிஎல்பி

டோம்பிவிலியில் ஏறி கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் உட்கார இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலி. மடியில் கணினியைத் திறந்து அரை மணி நேரம் வேலை பார்க்கிறார். ரயில் தடம் மாறும்போது குலுங்குகிறது. தாணேயில் ஏறுகிற கூட்டத்தில் யாருடைய பையோ இடிக்கிறது. சயான் தாண்டுவதற்குள் மூடிப் பைக்குள் வைத்துவிடுகிறார். அலுவலகத்தில் நாள் முழுதும் சார்ஜரில்.

இவருக்கு ஒரே எண் பொருந்தாது. மேசையில் 254 நல்லது. ரயிலிலோ தலை ஓரமாக இருக்க இருக்க நல்லது. பல 2.5 அங்குல டிஸ்க்குகளின் விவரத்தாளில், இயங்கும்போது தாங்கும் அதிர்ச்சி 350 முதல் 400 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) என்றும், நின்றிருக்கும்போது 1,000 ஜி என்றும் போட்டிருக்கும். தலை தட்டின் மேல் இருக்கிறதா, மேடையில் இருக்கிறதா என்பதில்தான் அந்த வேறுபாடு அடங்கியிருக்கிறது. சத்தம் எரிச்சலூட்டுகிறது என்பதற்காகப் பேட்டரியிலும் 254 வைத்துக்கொள்கிற பயணிகளிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: ரயிலில் அந்த 'டிக்' உங்கள் நண்பன்.

டிஎல்பி இந்த இரட்டை வாழ்க்கைக்காகவே இருக்கிறது. சார்ஜரில் இருக்கும்போது ஒரு ஏபிஎம் எண், பேட்டரியில் இருக்கும்போது வேறு எண். அதன் அமைப்புக் கோப்பில் வழக்கமாகக் காண்பது சார்ஜரில் 254, பேட்டரியில் 128. பயணிக்கு அது அப்படியே பொருந்தும். சார்ஜரைச் செருகினாலும் பிடுங்கினாலும், தூங்கி எழுந்தாலும் அதுவே மறுபடி அமல்படுத்துகிறது. மேலே சொன்ன கவலை தீர்ந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் பேட்டரியில் 120 முறை தலை ஏறி இறங்கினாலும் 6,00,000-ஐத் தொட 13 ஆண்டு ஆகும். இந்த விலை கொடுக்கத் தக்கது.

மறைமுகச் செலவுகள் இரண்டு. டிஎல்பி டிஸ்க்கோடு நிற்பதில்லை. வைஃபை, யுஎஸ்பி, செயலி என்று எல்லாவற்றையும் தொடும். பேட்டரியில் மவுஸோ விசைப்பலகையோ திடீரென்று தூங்கிவிட்டால் அதன் யுஎஸ்பி அமைப்பைத்தான் முதலில் பாருங்கள். இரண்டாவது, ஒரு வேலைக்கு இரண்டு மேஸ்திரி கூடாது. அடுத்த பகுதியில் வரும் லேப்டாப் மோடு டூல்ஸையும் டிஎல்பியையும் சேர்த்து வைக்காதீர்கள். புதிய குனோம் மேசைத்தளங்களில் வரும் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற மின்சேமிப்பு நிரலோடும் டிஎல்பி மோதும். ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மதிப்பு உண்மையில் அமலாகியிருக்கிறதா என்பதை டிஎல்பி-ஸ்டாட் கட்டளையில் பார்க்கலாம்.

## சுழற்சியை நிறுத்தும் லேப்டாப் மோடு

பழைய கட்டுரைகள் பலவும் பரிந்துரைப்பது இதைத்தான். நான் பரிந்துரைப்பதில்லை. பழைய கெர்னல்களில் லேப்டாப் மோடு என்று ஒரு வசதி உண்டு. லேப்டாப் மோடு டூல்ஸ் அதை இயக்குகிறது. எழுத வேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்து வைத்து, டிஸ்க் விழிக்கும்போது மொத்தமாக எழுதுவது அதன் உத்தி. அதனால் டிஸ்க் நீண்ட நேரம் நின்றிருக்க முடிகிறது. அதற்கான விலை, திடீரென்று மின்சாரம் போனால் வழக்கமான அமைப்பில் கடைசி 10 நிமிட வேலை வரை போகக்கூடும்.

நல்ல பேட்டரி உள்ள கணினியில் இது ஏற்கக்கூடிய ஆபத்து. சார்ஜ் குறைந்ததும் அந்த வசதி தானாக விலகிக்கொள்ளும். ஆனால் என்னிடம் வருகிற கணினிகளில் பேட்டரிதான் முதலில் செத்திருக்கும். 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும். சார்ஜர் கழன்ற மறு நொடியே அணைந்துவிடும். தாராவியில் டியூஷன் நடத்தும் அக்கா ஒருவர், தேர்வுக்கு முந்தைய இரவு வினாத்தாளைத் தட்டச்சு செய்து சேமித்தும் விட்டார். பையன் கால் பட்டுச் சார்ஜர் கழன்றது. அந்தக் கணினியில் லேப்டாப் மோடை இயக்கி வைத்தவன் நான். அன்றிரவு அவர் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்தார். அந்த வருத்தம் இன்னும் என்னோடு இருக்கிறது.

மும்பையில் மின்வெட்டு அரிது என்பதை நம்பியும் இருக்கக் கூடாது. 2020 அக்டோபர் 12 அன்று மின்தொகுப்பு விழுந்து புறநகர் ரயில்கள்கூட நின்றது நினைவிருக்கும்.

ஆயுள் கணக்கிலும் இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. நாளுக்கு 8 மணி நேரம், மணிக்கு 10 முறை நின்று தொடங்கினால் ஆண்டுக்கு 29,200. 50,000 என்ற வரம்பு இரண்டு ஆண்டுக்குள் தீரும். ஒவ்வொரு முறை விழிக்கவும் சில விநாடி திரை உறைந்து நிற்கும். நின்ற தட்டைச் சுழலவைக்கும் அந்தக் கணம் 5 வாட் வரை இழுக்கும் என்பதால், அடிக்கடி விழித்தால் சேமித்ததும் கரைந்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்து, நீண்ட தூர ரயிலில் ஒரே உரைக் கோப்பில் மணிக்கணக்காக எழுதுகிறவருக்கு மட்டும் இது உதவும்.

## எஸ்எஸ்டி

பணம் புரட்ட முடிந்தால் கேள்வியே முடிந்துவிடுகிறது. தலை இல்லை, தட்டு இல்லை; 193 எண்ணிக்கைக்குப் பொருளும் இல்லை. ரயில் குலுக்கலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பழைய கணினிக்குக் கிடைக்கும் வேகம் கண்கூடு. பேட்டரிக்காக எஸ்எஸ்டி வாங்காதீர்கள். வேகத்துக்காகவும் குலுக்கலுக்காகவும் வாங்குங்கள்.

கணினிக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டுக்குப் போவதற்கு முன் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கலாம். பழைய டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்எஸ்டி பெரும்பாலும் 7. இடைவெளியை நிரப்பும் சட்டம் பெட்டியில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பேர் தெரியாத மலிவு எஸ்எஸ்டியைவிட, பேர் தெரிந்த சிறிய கொள்ளளவு மேல். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் இருக்கின்றன.

நிறுவிய பிறகு, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் (ட்ரிம்) எஃப்எஸ்ட்ரிம் வாராந்திர வேலை இயங்குகிறதா என்று பாருங்கள். சாட்டா இணைப்பின் மின்சேமிப்பில், மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும் நிலையை (min_power) தேர்ந்தெடுக்காதீர்கள். சில எஸ்எஸ்டிகளில் அது தரவையே சிதைத்திருக்கிறது. 2018-இல் வந்த 4.15 கெர்னல் முதல் இருக்கும் நடுத்தர நிலை (med_power_with_dipm), ஏறக்குறைய அதே சேமிப்பைப் பாதுகாப்பாகத் தருகிறது. டிஎல்பியும் அதையே பயன்படுத்துகிறது.

எஸ்எஸ்டியின் ஒரு குணத்தைக் கடையில் சொல்ல மாட்டார்கள். அழித்த கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்க ஓரளவு வழி உண்டு. ட்ரிம் ஓடிய எஸ்எஸ்டியில் அனேகமாக இல்லை. அதனால் எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர்களிடம் பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டு நகல் டிஸ்க்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், 5-உம் 197-உம் சுத்தமாக இருந்தால்.

லேப்டாப் மோடு பகுதியில் நான் வேண்டாம் என்ற சுழற்சி நிறுத்தம், இந்த நகல் டிஸ்க்குக்குத்தான் சரியான மருந்து. வாரத்துக்கு ஒருமுறை செருகி, நகலெடுத்து, மறந்து அப்படியே விட்டுவிடுகிற டிஸ்க் நாள் முழுதும் சுழல்வதில் பயனில்லை. ஹெச்டிபார்ம் கட்டளைகளைப் பல யுஎஸ்பி உறைகள் உள்ளே கடத்துவதில்லை. அந்த இடத்தில் ஹெச்டி-ஐடில் என்ற சிறு நிரல் கைகொடுக்கிறது. 10 நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் அது டிஸ்க்கை நிறுத்திவிடும். தாராவி அக்காவின் பழைய டிஸ்க் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஞாயிறு மாலை அரை மணி நேரம் சுழன்று, வினாத்தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது.